உங்களுக்குத் தெரியுமா? ரத்தம் திரும்பும் நேரம்

● 2022 ஜூலை 14 இரவு தொடங்கி 15 அதிகாலை வரை புனே கமாண்ட் ராணுவ மருத்துவமனையில் ஓர் உறுப்பு தானம் நடந்தது. மூளைச்சாவு அடைந்த இளம்பெண் ஒருவரின் குடும்பத்தார் தாங்களாகவே முன்வந்து சம்மதித்தார்கள். சிறுநீரகங்கள் இரண்டும் பணியில் இருந்த ராணுவ வீரர்கள் இருவருக்குப் போயின. கண்கள், ராணுவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள கண் வங்கிக்கு. கல்லீரல் மட்டும் வெளியே கிளம்பியது, ரூபி ஹால் கிளினிக்கில் காத்திருந்த ஒரு நோயாளிக்காக. ஒருவர் கொடுத்ததில் ஐந்து பேருக்குப் பலன். கல்லீரல் போன தூரம் நகருக்குள்ளேயே சில கிலோமீட்டர்தான். ஆனாலும் ரத்தமில்லாமல் இருக்கும் கல்லீரலுக்கு நிமிடக் கணக்கு உண்டு. அந்த நிமிடங்களில் உள்ளே நடப்பதையும், அதைத் தடுக்க மருத்துவம் செய்வதையும் பற்றியவையே இந்தத் துணுக்குகள்.

● நம் கல்லீரலுக்குள் நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் பாய்கிறது. இதயம் வெளியே தள்ளுவதில் ஏறக்குறைய கால் பங்கு இந்த ஓர் உறுப்புக்கே! அதுவும் இரண்டு வழிகளில் வருகிறது. முக்கால் பங்கு, குடலிலிருந்து உணவுச் சத்தைச் சுமந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக. மீதி, கல்லீரல் தமனி வழியாக. சிரை ரத்தம் தன் ஆக்சிஜனில் ஒரு பகுதியைக் குடலிலேயே கொடுத்துவிட்டு வருவதால், ஆக்சிஜனை மட்டும் கணக்கிட்டால் இரண்டு வழிகளும் ஏறத்தாழ சரிபாதி.

● கல்லீரலின் எல்லா செல்லுக்கும் ஆக்சிஜன் ஒரே அளவில் கிடைப்பதில்லை. தெருக் குழாயில் தண்ணீர் வரும்போது முதல் வீட்டில் குடம் நிறைந்துவிடும், கடைசி வீட்டில் சொட்டும். அதே கதைதான் இங்கும். ரத்தம் நுழையும் ஓரத்து செல்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ள, நடுச் சிரையை ஒட்டிய செல்களுக்கு மிச்சம்தான். ரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் மடிபவை அந்தக் கடைசி வரிசை செல்களே. நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்கும் மருத்துவர், சேதம் எந்த வரிசையில் இருக்கிறது என்பதை வைத்தே 'இது ரத்தக் குறைவால் வந்தது' என்று ஊகித்துவிடுவார்.

● ரத்தம் நின்றால் கெடுதல், திரும்ப வந்தால் நல்லது. எல்லோரும் இப்படித்தான் நினைப்போம். ஆனால் சேதத்தின் பெரும்பகுதி ரத்தம் திரும்பி வரும்போதுதான் நடக்கிறது!

ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் செல்லின் ஆற்றல் கையிருப்பு தீர்ந்துபோகிறது. சோடியத்தையும் கால்சியத்தையும் வெளியே தள்ளும் பம்புகள் ஓய்கின்றன. செல் வீங்குகிறது. இதோடு, சக்சினேட் என்ற பொருள் உள்ளே தேங்குகிறது. இப்போது ரத்தக் குழாயை நெரித்திருந்த இடுக்கியைத் தளர்த்தி ரத்தத்தை விட்டால், புது ஆக்சிஜன் கிடைத்த மைட்டோகாண்ட்ரியா தேங்கிய சக்சினேட்டை ஒரே மூச்சில் எரிக்கிறது. அந்த வேகத்தில் ஆக்சிஜனின் தீவிர மூலக்கூறுகள் வெள்ளமாக வெளிப்பட்டு, செல்லின் சவ்வையும் புரதத்தையும் தாக்குகின்றன. சக்சினேட்டின் பங்கை 2014-ல் கேம்பிரிட்ஜின் மைக்கேல் மர்ஃபி உள்ளிட்ட குழு 'நேச்சர்' இதழில் விளக்கியது.

அத்தோடு முடிவதில்லை. முதல் சில மணி நேரத்தில் கல்லீரலின் சொந்தக் காவல் செல்களான குப்ஃபர் செல்கள் பதற்றமாகி, வீக்கத்தைத் தூண்டும் சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. அழைப்பைக் கேட்டு ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன. அடுத்த நாள் வரை நீளும் இந்த இரண்டாம் அலையில், முதல் அலைக்குத் தப்பிய செல்களும் பலியாகலாம். ஆகவே கல்லீரலைக் காப்பது என்றால் இரண்டு வேலை: ரத்தம் நிற்கும் நேரத்தைக் குறைப்பது ஒன்று, ரத்தம் திரும்பும் விதத்தைப் பக்குவப்படுத்துவது மற்றொன்று. இரண்டாவதை மருத்துவ உலகம் புரிந்துகொள்ளவே பல ஆண்டுகள் பிடித்தன.

● குப்ஃபர் செல்களுக்கு அந்தப் பெயர், 1876-ல் அவற்றை விவரித்த கார்ல் வில்ஹெல்ம் ஃபான் குப்ஃபரால் வந்தது.

● தானமாக எடுத்த கல்லீரலை ஐஸ் மேல் நேரடியாக வைக்கவே கூடாது. பட்ட இடம் உறைந்து செத்துவிடும். கிருமி நீக்கிய பைகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். உள்பையில் கல்லீரலும் பாதுகாப்புத் திரவமும். அதைச் சுற்றி இன்னும் பைகள், வெளியே ஐஸ் நிரப்பிய பெட்டி. குறி 4 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் செல்லின் வேலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. கவனியுங்கள், நிற்பதில்லை, சுருங்குகிறது. அதனால்தான் ஐஸ் பெட்டிக்கும் கெடு உண்டு. இதயத்துக்கு நான்கு மணி நேரம் போலத்தான். சிறுநீரகம் ஒரு நாள்கூடத் தாங்கும். கல்லீரல் நடுவில் இருக்கிறது: 12 மணி நேரம் வரை பொறுக்கும் என்பார்கள், ஆனால் எட்டு மணி நேரத்துக்குள் வைத்துவிடத்தான் எல்லா அறுவை மருத்துவரும் விரும்புவார்கள்.

● அந்தப் பாதுகாப்புத் திரவத்துக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1963-ல் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸில் முதல் கல்லீரல் மாற்று அறுவையைச் செய்தபோது, எடுத்த கல்லீரலை நெடுநேரம் வைத்திருக்க நல்ல வழி கிடையாது. 1980களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கர்ட் பெல்ஸரும் ஜேம்ஸ் சௌத்தர்டும் உருவாக்கிய திரவம்தான் கதையை மாற்றியது. செல் வீங்காமல் பிடித்துவைக்க லாக்டோபயோனேட்டும் ராஃபினோஸும், தீவிர ஆக்சிஜனைச் சமாளிக்க குளூட்டாதயோனும் அல்லோப்யூரினாலும், ஆற்றலுக்கு அடினோசினும் அதில் உண்டு. அல்லோப்யூரினால் என்றதும் சிலருக்கு வீட்டு மருந்துப் பெட்டி நினைவுக்கு வரும். ஆம், யூரிக் அமிலத்துக்குத் தரும் அதே மருந்துதான்! அந்தத் திரவம் வந்த பிறகு கல்லீரல் ஊர் விட்டு ஊர் பயணம் செய்வது எளிதானது.

● கல்லீரல் மாற்று அறுவையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் கட்டம் எது தெரியுமா? வெட்டும் நேரமும் இல்லை, தைக்கும் நேரமும் இல்லை. இடுக்கியை எடுக்கும் நேரம்.

புதுக் கல்லீரலை உள்ளே வைத்துச் சிரைகளைத் தைக்கும் வரை, சூடான உடம்புக்குள் ரத்தம் இல்லாமல் அது மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டே இருக்கும். அதனால் தைக்கும் கை வேகமாக ஓட வேண்டும். பாதுகாப்புத் திரவத்தில் பொட்டாசியம் ஏராளம். அது அப்படியே இதயத்துக்குப் போனால் இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். எனவே இடுக்கியை எடுக்கும் முன் கல்லீரலைக் கழுவி, அந்தத் திரவத்தை வெளியேற்றுவார்கள். தலைமாட்டில் மயக்கவியல் மருத்துவர் கால்சியமும் அட்ரினலினும் ஊசியில் ஏற்றித் தயாராக நிற்பார். இடுக்கி தளர்ந்ததும் சாம்பல் படிந்த பழுப்பாக இருந்த கல்லீரல் செம்பழுப்பாக மாறும். கூடவே சிலருக்கு ரத்த அழுத்தம் சரேலென்று விழும். ஐந்து நிமிடங்களுக்குள் அழுத்தம் 30 சதவீதத்துக்கு மேல் விழுந்து ஒரு நிமிடமாவது அப்படியே நின்றால், அதற்கென்றே தனிப் பெயர் வைத்து மருத்துவ ஏட்டில் குறித்துக்கொள்கிறார்கள். இதைத் தாண்டி, பித்த நாளத்தின் முனையில் பொன்னிறப் பித்தம் சொட்டத் தொடங்கினால் அறையில் உள்ளவர்கள் நிம்மதியாவார்கள். கல்லீரல் வேலைக்குத் திரும்பிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

● கல்லீரலைத் துண்டிக்கும் அறுவையில் ரத்தப்போக்கை நிறுத்த, ரத்தக் குழாய்களை வேண்டுமென்றே நெரிப்பார்கள். இதைச் சொல்லிக்கொடுத்தவர் கிளாஸ்கோவில் பணிபுரிந்த ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள். ஆண்டு 1908. விபத்தில் கல்லீரல் கிழிந்து வந்தவர்களுக்கு, கல்லீரலுக்குள் நுழையும் குழாய்க் கொத்தையே விரலால் அழுத்திப் பிடித்தார். அவர் கட்டுரையில் விவரித்த நோயாளிகள் பிழைக்கவில்லை. ஆனால் முறை நிலைத்தது. இன்று புனேயிலும் சென்னையிலும் கல்லீரல் கட்டியை அகற்றும் எந்த அறையிலும் 'பிரிங்கிள் போடுங்கள்' என்ற சொல் கேட்கும்.

நெரித்தால் ரத்தமில்லாக் காயம் வருமே? வரும். அதற்கு ஜப்பானிய அறுவை மருத்துவர்கள் பரவலாக்கிய எளிய வழி உண்டு: 15 நிமிடம் நெரி, 5 நிமிடம் விடு, மறுபடி நெரி. கொழுப்பு படிந்த கல்லீரலும் தழும்பேறிய கல்லீரலும் நீண்ட நேரம் ஒரேயடியாக நெரிப்பதைத் தாங்காது. விட்டு விட்டு நெரித்தால் தாங்குகிறது.

● இதிலிருந்து ஒரு வியப்பு. சின்னக் காயம் பெரிய காயத்தைத் தடுக்கும்! 1986-ல் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் ஆகிய மூவர் நாய்களின் இதயத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஐந்தைந்து நிமிடமாக நான்கு தடவை ரத்தத்தை நிறுத்தி விட்டார்கள். அதன் பிறகு நீண்ட அடைப்பு ஏற்படுத்தியபோது, செத்த தசையின் அளவு வெகுவாகக் குறைந்தது. கல்லீரலிலும் அது பலிக்கும் என்று பியர்-அலான் கிளாவியன் 2000-ல் மனிதரிடம் காட்டினார். முதலில் 10 நிமிடம் நெரித்து, 10 நிமிடம் விட்டு, பிறகு 30 நிமிட நெரிப்பு. முன்பயிற்சி பெற்ற கல்லீரலில், காயத்தைக் காட்டும் நொதி உயர்வு குறைவாக இருந்தது.

● கையில் பி.பி. பார்க்கும் பட்டையை இறுக்கி, ஐந்து நிமிடம் ரத்தத்தை நிறுத்தி விட்டாலே தூரத்தில் இருக்கும் கல்லீரலும் இதயமும் காயத்துக்குத் தயாராகுமா? விலங்குகளில் ஆகிறது. மனிதரிடம் செய்த சோதனைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆகவே வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

● நம் ஊர்க் குழந்தை ஒன்றின் பெயரில் இந்தியாவின் கல்லீரல் வரலாறு தொடங்குகிறது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயதுகூட நிரம்பாத ஆண் குழந்தைக்கு 1998 நவம்பரில் டெல்லி அப்போலோவில் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். நாட்டில் வெற்றியடைந்த முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று அறுவை அதுதான். அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகிவிட்டார்!

உயிருள்ளவர் தரும் கல்லீரலில் ஒரு பெரிய சாதகம் உண்டு. எடுக்கும் அறையும் வைக்கும் அறையும் அடுத்தடுத்து இருக்கும். ரத்தமில்லா நேரம் மிகக் குறைவு. நம் நாட்டில் நடக்கும் கல்லீரல் மாற்றுகளில் பெரும்பான்மை இப்படித்தான் நடக்கின்றன. ஆனால் இதற்கு நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் கத்திக்குக் கீழே படுக்க வேண்டும். அந்த ஆபத்து சிறியது என்றாலும் உண்மையானது. மூளைச்சாவு அடைந்தவர்களின் தானம் பெருகினால் மட்டுமே இப்படித் தந்தையரும் மனைவியரும் படுக்க வேண்டிய அவசியம் குறையும்.

● கொழுப்புக் கல்லீரல் என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் வந்தால் பலரும் சிரித்துவிட்டுப் போகிறோம். தானத்துக்கு வரும் கல்லீரலில் பெரிய கொழுப்புத் துளிகள் 30 சதவீதத்தைத் தாண்டினால் அறுவை மருத்துவர் தயங்குவார். கொழுப்பு செல்லை உப்பவைத்து நுண்குழாய்களை நெருக்கியிருக்கும், ஐஸில் இருக்கும் நேரத்தையும் ரத்தம் திரும்பும் அதிர்ச்சியையும் அது தாங்காது. நல்ல மனத்தோடு குடும்பம் கொடுத்தும் பயன்படாமல் போகும் கல்லீரல்களில் இப்படிப்பட்டவை அதிகம். மனசு கனக்கிற விஷயம் இது.

● மூளைச்சாவை உறுதிசெய்யச் சட்டப்படி நான்கு மருத்துவர் குழு வேண்டும். ஒரு முறை சோதித்தால் போதாது. குறைந்தது 6 மணி நேரம் விட்டு மறுபடி சோதிக்க வேண்டும். 1994-ம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் ஏற்பாடு இது.

அந்த ஆறு மணி நேரமும் ஐ.சி.யூ. செவிலியர் கையில்தான் கல்லீரல் இருக்கிறது. மூளை ஓய்ந்ததும் ரத்த அழுத்தம் சரியும். சிறுநீர் லிட்டர் லிட்டராகப் போகும். சோடியம் ஏறும். அது 155-ஐத் தாண்டினால், மாற்றிவைத்த பிறகு அந்தக் கல்லீரல் சரியாக வேலை செய்யாமல் போகும் அபாயம் கூடுகிறது. எனவே மணிக்கு மணி சிறுநீரை அளந்து, திரவம் மாற்றி, அழுத்தத்தைப் பிடித்துவைத்து, ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். கல்லீரல் பாதுகாப்பு ஐஸ் பெட்டியில் தொடங்குகிறது என்று நினைப்போம். இல்லை, இந்தப் படுக்கையில்தான் தொடங்குகிறது. இந்தச் செவிலியர்களின் பெயர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. வர வேண்டும்.

● புனேயில் எந்த மருத்துவமனையில் தானம் நடந்தாலும் தகவல் மண்டல உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகும். காத்திருப்போர் பட்டியல் அங்கேதான் இருக்கிறது. கமாண்ட் மருத்துவமனை நிகழ்விலும் இந்த மையத்துக்கும் ராணுவத்தின் உறுப்பு மாற்று அமைப்புக்கும் தகவல் போன பிறகே அடுத்தடுத்த வேலைகள் நடந்தன. முதலில் மண்டலத்துக்குள் தேடுவதற்கு நியாயத்தோடு மருத்துவக் காரணமும் உண்டு. தூரம் குறைந்தால் ஐஸ் நேரம் குறையும். மண்டலத்தில் பொருத்தமானவர் இல்லை என்றால், மும்பை எக்ஸ்பிரஸ்வேயில் லோனாவளா மலைப்பாதை தாண்டிப் போக வேண்டிவரும். அப்போதுதான் போக்குவரத்துக் காவலர்கள் சிக்னல் சிக்னலாக வழி திறக்கும் 'கிரீன் காரிடர்' கைகொடுக்கிறது. நம்மில் பலருக்கு இப்படி வழி திறப்பது, 2008-ல் சென்னையில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் இதயம் போன நாளிலிருந்து பழக்கம்.

● கல்லீரலை ஐஸில் வைக்காமல், உடல் சூட்டிலேயே ரத்தம் ஓடவிட்டு உயிர்ப்போடு வைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ஃப்ரெண்டும் கான்ஸ்டான்டின் குசியோஸும் உருவாக்கியது. 2013-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. 2018-ல் வெளியான ஆய்வில் 220 மாற்று அறுவைகளை ஒப்பிட்டார்கள். இயந்திரத்தில் வைத்த கல்லீரல்கள் சராசரியாக 54 சதவீதம் கூடுதல் நேரம் வெளியே இருந்தும், நொதிக் கசிவால் அளந்த காயம் பாதிதான். 'வேண்டாம்' என்று ஒதுக்கிய கல்லீரல்களும் பாதியாகக் குறைந்தன. பித்தம் சுரக்கிறதா, அமிலத்தன்மை சரியாகிறதா என்று வைக்கும் முன்பே பார்த்துவிடலாம் என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஐஸ் பெட்டியில் இருக்கும் கல்லீரல் எதையும் சொல்லாது.

● பித்த நாளங்களுக்கு ரத்தம் தமனி வழியாக மட்டுமே வருகிறது. அதனால் ரத்தமில்லா நேரத்தில் கல்லீரல் செல்லைவிட அவையே அதிகம் தவிக்கின்றன. அறுவை முடிந்து எல்லாம் நன்றாக இருக்கும்போது, சில மாதம் கழித்து நாளம் சுருங்கி மஞ்சள் காமாலையாக வெளிப்படலாம். இதற்கு நெதர்லாந்தின் க்ரோனிங்கன் குழு வேறு வழி கண்டது. குளிர்ந்த திரவத்திலேயே ஆக்சிஜனைக் கலந்து, வைப்பதற்கு முன் கல்லீரலுக்குள் ஓட்டினார்கள். மைட்டோகாண்ட்ரியா ரத்தம் திரும்பும் முன்பே சக்சினேட்டை நிதானமாகக் கரைத்துவிடுகிறது. 2021-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், இதயம் நின்ற பிறகு எடுத்த கல்லீரல்களில் நாளச் சுருக்கம் 18 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது.

● சூரிச்சில் ஒரு கல்லீரலை மூன்று நாள் உடலுக்கு வெளியே இயந்திரத்தில் வைத்திருந்து, 2021 மே மாதம் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். வேறு எந்த மையமும் ஏற்காமல் தள்ளிய கல்லீரல் அது. ஓராண்டு கழித்தும் அவர் நலமாக இருந்தார்.

● அறுவையே இல்லாமலும் இந்தக் காயம் வரும். மாரடைப்பில் அழுத்தம் விழுவது, கடும் ரத்தப்போக்கு, வெயில் தாக்கு, மழைக்காலத்தில் புனேயையும் சென்னையையும் வாட்டும் டெங்கு அதிர்ச்சி நிலை… எதுவானாலும் ரத்தம் போதாத கல்லீரல் காயப்படும். கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆயிரக்கணக்கில் எகிறும். ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டார் கல்லீரலே போய்விட்டது என்று கலங்குவார்கள். ரத்த ஓட்டத்தைச் சரிசெய்துவிட்டால் எண்கள் சில நாட்களில் மளமளவென்று இறங்கும். மருந்து கல்லீரலுக்கு அல்ல, ரத்த ஓட்டத்துக்குத்தான். டெங்குவில் நாம் செய்யக்கூடியது: கஞ்சியோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ நிறைய குடிக்கவைப்பது, காய்ச்சல் விட்ட நாளில் வயிற்று வலியோ தொடர் வாந்தியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுவது, இபுப்ரோஃபெனையும் ஆஸ்பிரினையும் தொடாதிருப்பது, பாராசிட்டமாலை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் தராதிருப்பது.

● கீழாநெல்லி? மஞ்சள் காமாலைக்கு நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வரும் செடி. 1988-ல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற பரூச் பிளம்பர்க் ஆகியோர் ஹெபடைட்டிஸ் பி-க்கு இதைச் சோதித்து 'லான்செட்' இதழில் எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் அப்படியே கிடைக்கவில்லை. ரத்தம் நின்று திரும்பும் காயத்தைப் பொறுத்தவரை, எலிகளில் பலன் தரும் மூலிகைச் சாறுகளின் பட்டியல் மிக நீளம். மனிதரிடம் நிரூபணமானது அதில் ஒன்றும் இல்லை. அறுவைக்குப் போகிறவர்கள், எந்தக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தாலும் மயக்கவியல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

● உறுப்பு தானத்துக்கு இப்போது ஆதார் எண்ணை வைத்து இணையத்திலேயே பதியலாம். தேசிய அமைப்பான நோட்டோவின் இலவச எண் 1800-11-4770. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் வந்த அறிவிப்பின்படி, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. ஆனால் பதிவு அட்டை கையில் இருந்தாலும், மருத்துவமனையில் கடைசியாகக் கேட்பது குடும்பத்தாரின் சம்மதத்தைத்தான். அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தால், ஐ.சி.யூ. வாசலில் 'அவர் என்ன நினைத்தாரோ' என்று தவிக்கும் மணி நேரங்கள் மிச்சமாகும். தானம் தருபவரின் ரத்த அழுத்தம் அந்த மணி நேரங்களில்தான் சரிந்துகொண்டிருக்கும்.